இன்னும் முடிவு செய்யாத பெண்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

எனக்கு 34 வயது. வேலைக்குப் போகிறேன், ஒரு மகன் இருக்கிறான். இரவில் எல்லோரும் உறங்கிய பிறகு நான் படிப்பது பதினாறு வயதுப் பெண்களுக்காக எழுதப்பட்ட நாவல்கள். ஒரு கொடுங்கோல் அரசு, அதில் சிக்கிய ஒரு பெண், அவளுக்கு இருபுறமும் இரண்டு ஆண்கள். 'தி ஹங்கர் கேம்ஸ்' மூன்று பாகங்களையும் இரண்டு முறை படித்துவிட்டேன். பிறகு 'மேட்ச்ட்', 'டெலிரியம்', 'அக்லீஸ்' என்று கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

கணவர் சிரிக்கிறார். தோழி ஒருத்தி "இந்த வயதிலுமா?" என்றாள். எனக்கே வெட்கமாகத்தான் இருக்கிறது. நாடு பற்றி எரிகிறது, குழந்தைகள் சாகிறார்கள், இவளோ இவனா அவனா என்று மருகிக்கொண்டிருக்கிறாள். ஒரு முடிவுக்கு வரத் தெரியாதா இவளுக்கு என்று எரிச்சல் வருகிறது. அந்த எரிச்சலோடுதான் நள்ளிரவு தாண்டியும் பக்கங்களைப் புரட்டுகிறேன். இந்த முக்கோணக் காதலில் அப்படி என்ன இருக்கிறது? விற்பனைக்காகச் சேர்க்கும் சரக்கு மட்டும்தானா? அல்லது எனக்குள் ஏதோ ஒன்று வளராமல் நின்றுவிட்டதா?

கடைசியாக ஒன்று. 'ஹங்கர் கேம்ஸ்' நாயகி காட்னிஸுக்கு இருபுறமும் நிற்கிற இருவரில், நீங்கள் பீட்டா கட்சியா, கேல் கட்சியா?

அன்புடன்,
தேன்மொழி

*

அன்புள்ள தேன்மொழி,

வெட்கத்தை முதலில் விட்டுவிடுங்கள். ஒரு புத்தகத்தை நள்ளிரவு தாண்டிப் படிக்கிற ஒருவர் அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கவேண்டியதில்லை. உங்கள் கணவரும் தோழியும் அவற்றில் ஒன்றையாவது படித்து முடிக்கட்டும், பிறகு பேசலாம். விற்பனை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆம், விற்கிறது. 2005 முதல் 2008 வரை வந்த 'ட்வைலைட்' வரிசைக்குப் பிறகு பதிப்பாளர்கள் இதை நன்றாகவே தெரிந்துகொண்டார்கள். அதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை. விற்பதற்காகச் செய்த எல்லாமே ஒருவரை உறங்கவிடாமல் செய்துவிடுவதில்லை.

நான் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வரி. "ஒரு முடிவுக்கு வரத் தெரியாதா இவளுக்கு?" கொஞ்ச நாட்களாக இந்த நாவல்களைத்தான் நானும் மறுபடி எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். படிக்கப் படிக்க இந்தக் கேள்வியின்மீதுதான் எனக்குக் கோபம் வந்தது. இதை அந்தக் கதைகளுக்குள் யார் கேட்கிறார்கள் என்று கவனித்தீர்களா?

ஸ்காட் வெஸ்டர்ஃபீல்டின் 'அக்லீஸ்' 2005இல் வந்தது. அதில் 16 வயது ஆனதும் எல்லோருக்கும் அறுவைச் சிகிச்சை செய்து அழகாக்கிவிடுகிறார்கள். ஆலி காண்டியின் 'மேட்ச்ட்' நாவலில் 17 வயதில் ஒரு விருந்துக்கு அழைத்து, திரையில் ஒரு முகத்தைக் காட்டி, இவன்தான் உனக்குக் கணவன் என்கிறார்கள். லாரன் ஆலிவரின் 'டெலிரியம்' உலகில் காதல் ஒரு நோய், அதற்கான சிகிச்சை 18 வயதில். வெரோனிகா ராத்தின் 'டைவர்ஜென்ட்' நாவலில் 16 வயதுப் பிள்ளைகள் கையைக் கீறி, ஐந்து கிண்ணங்களில் ஒன்றில் இரத்தத்தைச் சொட்டவிட்டுத் தங்கள் பிரிவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் முன்பே, 1993இல் வந்த லோயிஸ் லவுரியின் 'தி கிவர்' கதையில், பன்னிரண்டு வயதுக்கான சடங்கில் ஒவ்வொரு குழந்தைக்கும் தொழில் எது என்று அறிவித்துவிடுகிறார்கள். 'ஹங்கர் கேம்ஸ்' பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 12 முதல் 18 வயது வரை ஆண்டுதோறும் குலுக்கல், பெயர் விழுந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் கொல்லும் களத்துக்குப் போகவேண்டும்.

எல்லா இடத்திலும் ஒரு தேதி இருக்கிறது. மேடை இருக்கிறது, நல்ல உடை இருக்கிறது, கூட்டம் கைதட்டுகிறது. அந்தத் தேதிக்குள் உன் உடல், உன் தொழில், உன் துணை, உன் சாவு எல்லாம் தீர்ந்துபோயிருக்கவேண்டும். இந்த அரசுகளின் கொடுமை அடிப்பதிலும் கொல்வதிலும் மட்டும் இல்லை. இளம்பிள்ளைகளிடம் அவகாசத்தைப் பறித்துக்கொள்வதில் இருக்கிறது.

இப்போது அந்த முக்கோணத்தைப் பாருங்கள். அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் கெடு விதிக்கப்படாத ஒரே விஷயம் அதுதான். இருவர்மீதும் பிரியம் இருக்கிறது, இன்னும் தெளிவு வரவில்லை, தெளியும் வரை அப்படியே இருக்கிறாள். அந்த ஊரில் வேறு எதிலும் அவளால் அப்படி இருக்க முடியாது. நீங்கள் இரவெல்லாம் விழித்துப் படிப்பது அவள் யாரைத் தேர்ந்தெடுப்பாள் என்று தெரிந்துகொள்ள என்று நினைக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவள் இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை என்பதற்காகத்தான் படிக்கிறீர்கள். முடிவு தெரிந்ததும் உங்கள் வேகம் எப்படி இறங்கியது என்று யோசித்துப் பாருங்கள். 'டைவர்ஜென்ட்' உங்கள் பட்டியலில் இல்லை. அதில் முக்கோணமும் இல்லை. நாயகி ட்ரிஸின் மனம் போகும் திசை ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுகிறது. வேகமான கதைதான். ஆனால் முடித்த பிறகு அவளைப் பற்றி நான் அதிகம் யோசிக்கவில்லை.

ஒரு பள்ளி நூலகத்தில் நடந்த வாசிப்புக் கூட்டத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன் போயிருந்தேன். ஒன்பதாம் வகுப்போ பத்தோ படிக்கிற ஒரு பெண் 'ஹங்கர் கேம்ஸ்' இரண்டாம் பாகத்தைப் பற்றிப் பேசினாள். இன்னும் முடிக்கவில்லை, விட்ட பக்கத்தில் விரலை வைத்தபடியேதான் பேசினாள். பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், "சரி, கடைசியில் அவள் யாரைக் கட்டிக்கொள்வாள், சொல் பார்ப்போம்" என்றார். அந்தப் பெண் கொஞ்சம் தயங்கிவிட்டு, "அவளுக்கே இன்னும் தெரியாது. எல்லோரும் அவளை அதையே கேட்கிறார்கள், கொஞ்ச நாள் யாரும் கேட்காமல் இருந்தால் நன்றாக இருக்கும்" என்றாள். கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. உட்கார்ந்து, விரல் வைத்திருந்த பக்கத்தைத் திறந்து மறுபடியும் படிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் படித்த எந்த விமர்சனமும் இந்த நாவலை அவள் அளவுக்குப் புரிந்துகொண்டு எழுதப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

ஏனென்றால் அவள் கையில் இருந்த அதே பாகத்தின் தொடக்கத்தில், நாட்டின் அதிபர் ஸ்னோ ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகளுடைய வீட்டுக்கு நேரில் வருகிறார். ரோஜா வாசனையும் இரத்த வாடையும் கலந்து அவரிடமிருந்து அடிக்கிறது. எதற்கு வந்திருக்கிறார்? காட்டுக்குள் கேல் காட்னிஸுக்குக் கொடுத்த ஒரு முத்தத்தைப் பற்றிப் பேச. பன்னிரண்டு மாவட்டங்களையும் ஒரு தலைநகரையும் ஆள்கிற மனிதருக்கு இதில் என்ன அக்கறை? அவள் பீட்டாவைத்தான் காதலிக்கிறாள் என்று ஊர் நம்பவேண்டும். அன்று களத்தில் ஒருவர்தான் பிழைக்கலாம் என்றபோது, இருவரும் சேர்ந்தே சாகலாம் என்று அவள் விஷப் பழங்களை நீட்டியது காதல் வெறியில்தான், எதிர்ப்பு இல்லை என்று ஆகவேண்டும். அதற்கு அவள் மனம் ஒரே பக்கமாகத் தீர்ந்திருக்கவேண்டும். ஏற்கெனவே பத்திரிகைக்காரர்களுக்காகக் கேலை அவளுடைய உறவுக்காரன் என்று மாற்றியாகிவிட்டது. அடுத்தது கல்யாணம். மணப்பெண் உடைகளை வரிசையாக அணிவித்துப் படம் எடுத்து, எது நன்றாக இருக்கிறது என்று தலைநகர மக்களிடம் வாக்குக் கேட்கிறார்கள். அவள் முடிவுக்கு வரவேண்டும் என்று அந்த நாவலிலேயே அதிகம் துடிப்பவர் அதிபர்தான், தேன்மொழி.

முதல் பாகத்துக் குகையை நினைத்துப் பாருங்கள். தொடையில் ஆழமான வாள்வெட்டு, காய்ச்சலில் கிடக்கிறான் பீட்டா. தான் செத்துவிட்டால் என்று பேச ஆரம்பித்தவனின் வாயை அடைக்க அவள் முத்தமிடுகிறாள். வெளியே வந்து பார்த்தால் பாராசூட்டில் ஒரு பானை சூடான சூப் இறங்கியிருக்கிறது. அனுப்பியவர் அவர்களுடைய வழிகாட்டி ஹேமிட்ச். சீட்டு எதுவும் இல்லை, தேவையும் இல்லை. ஒரு முத்தத்துக்கு ஒரு பானை சூப், இன்னும் வேண்டுமென்றால் இன்னும் கொடு. அவளுக்குப் புரிந்துவிடுகிறது. அந்த நிமிடத்திலிருந்து அவளுடைய ஒவ்வொரு தொடுகையிலும் பசி கலந்துவிடுகிறது, மருந்து கலந்துவிடுகிறது, பார்வையாளர்கள் கலந்துவிடுகிறார்கள். இதில் எது காதல் என்று அவளால் எப்படிப் பிரித்தறிய முடியும்? மருகிக்கொண்டிருக்கிறாள் என்று எழுதினீர்களே, அது மருகல் இல்லை. தன் மனதில் தன்னுடையது எது, பிறர் வைத்தது எது என்று ஒரு பெண் தனியாக இருந்து தேடிக்கொண்டிருக்கிறாள். நாடு எரியும்போது செய்யக்கூடாத வேலையா அது? எரிகிற நாட்டில்தான் அதை முதலில் செய்யவேண்டும்.

ஆகவே கட்சிக் கேள்விக்கு வருகிறேன். இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டிருக்கக்கூடாது. படம் வந்த காலத்தில் பெயர் அச்சிட்ட சட்டை போட்டுக்கொண்டு இரண்டாகப் பிரிந்து நின்றார்களே, அவர்களையாவது வயது கருதி விடலாம். நீங்கள் மூன்று பாகங்களையும் இரண்டு முறை படித்தவர். மணப்பெண் உடைக்கு வாக்குப் போட்ட அந்தத் தலைநகரக் கூட்டத்துக்கும், எந்தக் கட்சி என்று கேட்கிற நமக்கும் என்ன வித்தியாசம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கவேண்டாமா? பீட்டா, கேல் இருவருமே ஓரிடத்தில் இந்தத் தவற்றைச் செய்கிறார்கள். மூன்றாம் பாகத்தில், அவர்கள் ஒளிந்திருக்கிற டைக்ரிஸ் என்பவளின் கடைக்கு அடியில் உள்ள நிலவறையில், அவள் உறங்கிவிட்டதாக நினைத்து அவளைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். யார் இல்லாமல் உயிர்வாழ முடியாது என்று நினைக்கிறாளோ அவனைத் தேர்ந்தெடுப்பாள் என்கிறான் கேல். பீட்டா மறுக்கவில்லை. கேட்டுக்கொண்டு படுத்திருப்பவளுக்கு நெஞ்சு வலிக்கிறது. இவர்கள் இருவருமே இல்லாமலும் என்னால் வாழ முடியும் என்று நினைக்கிறாள். மூன்று பாகங்களிலும் எனக்கு மிகப் பிடித்த இடம் அது.

கேலைக் கடைசியில் கெட்டவனாக்கி ஆசிரியர் தப்பித்துக்கொண்டார் என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். முதல் பாகத்திலேயே கேல் கண்ணி வைப்பதில் வல்லவன். விலங்கின் பயத்தையும் பசியையும் கணக்கிட்டுச் சுருக்கு வைக்கத் தெரிந்தவன். குடும்பத்துக்குத் தானியம் வாங்குவதற்காகக் குலுக்கலில் தன் பெயரை 42 முறை எழுதவிட்ட கோபக்காரன். பின்னால் முதல் வெடிப்புக்குப் பிறகு உதவிக்கு ஓடிவருபவர்களையும் கொல்கிற இரண்டாம் வெடிப்பை யோசிக்கிறவனும் அதே ஆள்தான். மற்றப் பல நாவல்களில் இதை அநியாயமாகச் செய்கிறார்கள் என்பது உண்மை. முந்நூறு பக்கம் நல்லவனாக இருந்தவன் திடீரென்று கத்துகிறான், துரோகம் செய்கிறான், பெண்ணுக்கு வேலை மிச்சம். அப்படிப்பட்ட புத்தகங்களைத் தூக்கிப் போடுங்கள்.

நம் அகப்பாடல்களில் நொதுமலர் வரைவு வருகிறதே, அதையும் இதோடு சேர்த்து யோசித்துக்கொண்டிருந்தேன். தலைவியின் மனம் ஒருவனிடம் இருக்கிறது, பெண் கேட்டு அயலார் வருகிறார்கள், தோழி அறத்தொடு நின்று உண்மையை உடைக்கிறாள். அந்த அயலானுக்கு முகம் இல்லை, பேச்சு இல்லை. அவனை மறுப்பது எளிது. 'மேட்ச்ட்' நாவலில் காண்டி அந்த அயலானின் இடத்தில் சேண்டரை வைத்தார். சின்ன வயதிலிருந்து நாயகி கேசியாவின் தோழன், நல்லவன், அவள்மீது உயிராக இருப்பவன். அரசு பொருத்தம் பார்த்துக் கொடுத்தவனை மறுக்க அவளிடம் ஒரு குறைகூட இல்லை. என்னைக் கேட்கவில்லை என்பது மட்டும்தான் இருக்கிறது. திரையில் ஒரு கணம் 'கை' என்கிற இன்னொருவனின் முகம் வந்து போகிறது. அந்த ஒரு கணம் போதுமாக இருக்கிறது, அவள் யோசிக்க ஆரம்பிப்பதற்கு. அரசு நல்லதையே கொடுத்தாலும், எனக்கு யோசிக்க நேரம் வேண்டும் என்று ஒரு பெண் சொல்லலாம். இதை 17 வயதில் யாராவது உங்களிடம் சொல்லியிருக்கிறார்களா? உங்களுக்குள் வளராமல் நின்றுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. 17 வயதில் உங்களுக்குக் கிடைத்திருக்கவேண்டிய அவகாசத்தை 34 வயதில் இரவு நேரத்தில் எடுத்துக்கொள்கிறீர்கள் என்றுதான் நினைக்கிறேன். எடுத்துக்கொள்ளுங்கள்.

பீட்டாவைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன், இதைக் கட்சியாக எடுத்துக்கொள்ளவேண்டாம். முடிவுரையில் காட்னிஸ் குழந்தை பெற்றுக்கொள்ளச் சம்மதித்தது எப்போது என்று பாருங்கள். ஐந்து, பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. அவனுக்கோ குழந்தை என்றால் அவ்வளவு ஆசை. இருந்தும் காத்திருந்திருக்கிறான். அவளிடம் தேதி கேட்காத ஒருவன் அவன்.

அடுத்து என்ன படிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். யெவ்கேனி ஸமியாத்தின் 1920–21இல் எழுதிய 'நாங்கள்'. 1924இல் ஆங்கிலத்தில் வந்துவிட்டது, சோவியத் நாட்டில் அச்சாக 1988 வரை ஆயிற்று. நீங்கள் படிக்கிற நாவல்களுக்கெல்லாம் மூத்தது. அதிலும் முக்கோணம்தான். டி-503 என்கிற பொறியாளன், அரசு அனுமதிக்கிற உறவுக்கான இளஞ்சிவப்புச் சீட்டோடு அவனிடம் வருகிற ஓ-90, அவனைக் கலைத்துப் போடுகிற ஐ-330. குழந்தை பெற ஓ-90க்கு அனுமதி இல்லை, தாய்மைக்கான அளவுக்குப் பத்து சென்டிமீட்டர் குள்ளம். ஆனாலும் அவனிடமிருந்து ஒரு குழந்தையைச் சுமக்கிறாள். அவளை, அந்த அரசைச் சூழ்ந்திருக்கும் பச்சைச் சுவருக்கு அப்பால் தப்பவைக்க முன்வருவது யார் தெரியுமா? ஐ-330. முதலில் அவளுடைய உதவியே வேண்டாம் என்று ஓ-90 மறுத்துவிடுகிறாள், பிறகுதான் ஏற்றுக்கொள்கிறாள். அந்தப் பக்கங்களை அவசரப்படாமல் படியுங்கள்.

அந்த அரசில் எழுவது, மெல்லுவது, உறங்குவது எல்லாவற்றுக்கும் கால அட்டவணை உண்டு. தினம் இரண்டு மணி நேரம் மட்டும், மாலை நான்கிலிருந்து ஐந்து, இரவு ஒன்பதிலிருந்து பத்து, அவரவர் விருப்பத்துக்கு விட்டிருக்கிறார்கள். அதையும் ஒருநாள் அட்டவணைக்குள் கொண்டுவந்துவிடலாம் என்று ஆரம்பத்தில் டி-503 ஆசையோடு எழுதுகிறான். அவன் எப்போது அப்படி எழுதுவதை நிறுத்துகிறான் என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள், எத்தனை நாள் ஆனாலும் சரி.