முதல் ஆளுக்கு ஏன் பணம் குறைவு?

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கும் என் தம்பி மகன் பேஸ்பால் பைத்தியம். 2012 டிராஃப்டில் அந்த ஊர் ஆஸ்ட்ரோஸ் அணி முதல் ஆளாக கார்லோஸ் கொரியாவை எடுத்ததாம். ஆனால் இரண்டாவதாகப் போன பையனுக்குத்தான் அதிகப் பணமாம். ஏலத்தில் இப்படியும் நடக்குமா?

பதில்: ஏலத்தில் நடக்காது, ஆனால் இது ஏலமே இல்லை. ஐபிஎல்லை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். டிராஃப்டில் அணிகள் வரிசையாக, சுற்றுக்கு ஒருவராக, புது இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும். ஒரு அணி பெயர் சொல்லிவிட்டால் அந்தப் பையனிடம் வேறு யாரும் பேச முடியாது. அவனும் லேசுப்பட்டவன் இல்லை. பள்ளி முடித்தவனாக இருந்தால், "உங்கள் பணம் வேண்டாம், கல்லூரிக்குப் போகிறேன்" என்று சொல்லிவிடலாம். பேரம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

2012-இல் புது விதி வந்தது. முதல் பத்துச் சுற்றுகளில் ஒவ்வொரு இடத்துக்கும், கையெழுத்துப் போடும் பையனுக்குத் தர என்று ஒரு தொகை உண்டு, அதற்கு ஸ்லாட் என்று பெயர். ஓர் அணியின் ஸ்லாட்டுகளை எல்லாம் கூட்டினால் வருவதுதான் அதன் மொத்தக் கஜானா. அதை யாருக்கு எவ்வளவு பிரித்துக் கொடுப்பது என்பது அணியின் சாமர்த்தியம். கஜானாவை மீறினால் அபராதம். 5 சதவீதத்துக்கு மேல் மீறினால் அடுத்த ஆண்டின் முதல் சுற்று வாய்ப்பே போய்விடும். இதுவரை எந்த அணியும் அந்தக் கோட்டைத் தாண்டியதில்லை.

முதல் இடத்துக்கு அந்த ஆண்டு ஸ்லாட் 72 லட்சம் டாலர். பலரும் பைரன் பக்ஸ்டன்தான் முதலில் போவார் என்று நினைத்திருக்க, ஆஸ்ட்ரோஸ் போர்ட்டோ ரிக்கோவின் 17 வயது கொரியாவை எடுத்து 48 லட்சத்துக்குப் பேசி முடித்தது. மிச்சம் 24 லட்சம். அந்தக் காசுதான் விளையாடியது! 41-ஆம் இடத்தில் லான்ஸ் மெக்கல்லர்ஸுக்கு 25 லட்சம், அதாவது அவருடைய ஸ்லாட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நான்காம் சுற்றில் ரியோ ரூயிஸுக்கு 18.5 லட்சம். 2017-இல் அமெரிக்கன் லீக் இறுதித் தொடரில் நியூயார்க் யாங்கீஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தை, கடைசியாகத் தொடர்ந்து 24 வளைபந்துகள் போட்டு முடித்துக் கொடுத்தவர் இதே மெக்கல்லர்ஸ்தான். உங்கள் தம்பி மகனிடம் சொல்லுங்கள்: இரண்டாவதாகப் போன பக்ஸ்டனுக்குக் கிடைத்தது 60 லட்சம், நீ சொன்னது சரி.

கேள்வி: இந்தக் கணக்கு தப்பாகிப் போனதும் உண்டா?

பதில்: உண்டு, அதே அணிக்கு, இரண்டே ஆண்டில். நான் அப்போது ஹூஸ்டனில் வேலையில் இருந்தேன். 2014 ஜூலை 18, வெள்ளிக்கிழமை. கையெழுத்துக்குக் கெடு அங்கே மாலை நான்கு மணி. பக்கத்து மேசைக்காரர், டெக்ஸஸ்காரர், மஞ்சள் தாளில் கூட்டிக் கழித்துக்கொண்டே இருந்தார். வேலை ஓடவில்லை, எனக்கும்தான்.

விஷயம் இது. முதல் ஆளாக எடுத்த பிரேடி எய்க்கன் என்ற இடக்கை வீச்சாளருடன் 65 லட்சத்துக்குப் பேச்சு முடிந்திருந்தது. ஸ்லாட் 79 லட்சம். மிச்சப் பணத்தை நம்பி ஐந்தாம் சுற்றில் ஜேக்கப் நிக்ஸ் என்ற பையனுக்கு 15 லட்சம் தருவதாகவும் ஒப்புக்கொண்டாயிற்று. அப்புறம் மருத்துவச் சோதனையில் எய்க்கனின் முழங்கைத் தசைநாரைப் பற்றி அணிக்குச் சந்தேகம் வர, தொகையைக் குறைத்தார்கள். கடைசி நிமிடங்களில் 50 லட்சம் வரை ஏறி வந்தும் பையன் தரப்பு அசையவில்லை.

இங்கேதான் விதி கடிக்கிறது. எடுத்த ஆள் கையெழுத்துப் போடாவிட்டால் அவனுடைய ஸ்லாட் முழுவதும் கஜானாவிலிருந்து கழிந்துவிடும். மிச்சம் பிடித்த பணம் மட்டும் அல்ல, 79 லட்சமும் காலி. நிக்ஸுக்கு வாக்குக் கொடுத்த பணமே இல்லாமல் போயிற்று. அந்தப் பையனின் கையில் ஒரு கோளாறும் இல்லை, பாவம். நான்கு மணிக்குப் பக்கத்து மேசைக்காரர் தாளைக் கசக்கி எறிந்துவிட்டு, என்னிடம்கூடப் பேசாமல் கிளம்பிப் போனார்.

அணிக்கும் சமாதானம் இருந்தது. ஈடாக 2015 டிராஃப்டில் இரண்டாம் இடம் கிடைத்து, அலெக்ஸ் பிரெக்மன் வந்தார். 2017 உலகத் தொடரின், அதாவது பேஸ்பால் இறுதித் தொடரின், ஐந்தாவது ஆட்டத்தை 13-12 என்று முடித்துவைத்த அடி அவருடையது. எய்க்கனுக்கு 2015 மார்ச்சில் முழங்கை அறுவைச் சிகிச்சை நடந்தது. கிளீவ்லாந்து அணி அவரை அந்த ஆண்டு 17-ஆவதாக எடுத்தும், பெரிய லீகில் ஒரு பந்துகூட வீசவில்லை. இதைக் காட்டி அணி செய்தது சரி என்பார்கள். எய்க்கன் விஷயத்தில் இருக்கலாம். நிக்ஸுக்குச் செய்தது எனக்கு இன்னும் ஒப்பவில்லை.

கேள்வி: கடைசிச் சுற்றில் எடுக்கப்படுபவர்களில் யாராவது பெரிய ஆளாகியிருக்கிறார்களா?

பதில்: மைக் பியாட்ஸா. 1988-இல் டாட்ஜர்ஸ் அணி 62-ஆம் சுற்றில் எடுத்தது, அதுவும் குடும்ப நட்புக்காக. 2016-இல் பேஸ்பால் ஜாம்பவான்களின் கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார். இப்போது மொத்தமே 20 சுற்றுதான். அதற்குள் பெயர் வராதவர்கள் விரும்பிய அணியோடு நேராகப் பேசிக் கையெழுத்துப் போடலாம்.