சேலையூரில் மகள் சைக்கிளில் பள்ளிக்குப் போக வழி

வணக்கம். உங்கள் வீடு சேலையூரில், மகளின் பள்ளி ராஜகீழ்ப்பாக்கத்தில், ரோட்டுக்கு அந்தப் பக்கம். வேளச்சேரி மெயின் ரோட்டில் சைக்கிள் பாதை கேட்டு மனு கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொடுக்கலாம், ஆனால் முதல் மனுவாக வேண்டாம். அந்த ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது, தாம்பரம் மாநகராட்சி தனியாகக் கைவைக்க முடியாது.

உள்தெருக்கள் மாநகராட்சியின் பொறுப்பு. அவற்றைக் கோத்து ஒரு வழி தேடுங்கள். காலையில் பள்ளி வேன்கள் ஓடும் நேரத்திலேயே மகளோடு ஓட்டிப் பாருங்கள். எங்கெல்லாம் இறங்கித் தள்ள வேண்டியிருக்கிறதோ, அங்கெல்லாம் படம் எடுங்கள். பல இடங்களில் வடிகால் மூடியின் கம்பிகள் சக்கரம் போகும் திசையிலேயே இருக்கும்; டயர் உள்ளே இறங்கிவிடும். மூடியைக் குறுக்கே திருப்பிப் போட்டாலே போதும். அப்புறம், மழைநீர் வடிகாலின் மேல்தளத்தையே நடைபாதை என்கிறார்கள். ஒன்றரை அடி உயரம், வீட்டுக்கு வீடு கார் ஏறச் சரிவு. எந்தப் பாட்டியால் அதில் ஏறி இறங்க முடியும்? சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி நடைபாதை 150 மி.மீ. (அரை அடி) உயரத்தைத் தாண்டக்கூடாது, தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும். இந்த எண்களை மனுவில் கட்டாயம் எழுதுங்கள்.

மெயின் ரோட்டைக் கடக்கும் இடம்தான் உண்மையில் ஆபத்து. அதற்கு மட்டும் நெடுஞ்சாலைத் துறைக்குத் தனி மனு: ரோட்டு மட்டத்திலிருந்து வேகத்தடை போலச் சற்றே உயர்த்திய கிராசிங் கேளுங்கள். பள்ளி நேரத்தில் ஒரு காவலர் வேண்டுமென்று போக்குவரத்துக் காவல் துறையிடமும் கேளுங்கள்.

உள்தெரு மனுவை, வார்டு மக்கள் தங்கள் பகுதிக் குறைகளைப் பேசும் ஏரியா சபைக் கூட்டத்தில், நாலைந்து பெற்றோரோடு போய், கவுன்சிலர் கையில் கொடுங்கள்.