நட்சத்திரத்தை மட்டும் எண்ணி விலை பேசாதீர்கள்

கேள்வி: நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். பழம்பொருள் சந்தை ஒன்றில், மரக்குச்சியில் ஆணி அடித்துப் பொருத்திய சிறிய அமெரிக்கத் துணிக்கொடி ஒன்றைப் பார்த்தேன். அச்சிட்ட கொடி, 13 நட்சத்திரங்கள். 1776-ஆம் ஆண்டுக் கொடி என்று சொல்லி 600 டாலர் கேட்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: அந்த விலைக்கு, அந்தக் கதையை நம்பி வாங்காதீர்கள். ஊர்வலத்தில் கையில் பிடித்து ஆட்டுவதற்காகத் துணியில் அச்சிட்ட கொடிகள் 1840 அதிபர் தேர்தலை ஒட்டித்தான் பரவின. 13 நட்சத்திரங்கள் முதல் 13 மாநிலங்களைக் குறிப்பவை என்பதால், அவற்றைப் பிற்காலத்திலும் விரும்பி அச்சிட்டார்கள். 1876-இல் நடந்த அமெரிக்கச் சுதந்திர நூற்றாண்டு விழாவுக்கு ஏராளமாக வந்தன. இன்றும் நினைவுப் பொருளாக விற்கிறார்கள். ஆகவே நீங்கள் பார்த்தது 1876-ஐச் சேர்ந்ததாகவும் இருக்கலாம், போன ஆண்டு அச்சிட்டதாகவும் இருக்கலாம். அதைத் துணிதான் சொல்லும்.

ஒரு பூதக்கண்ணாடியும் சிறிய புறஊதா டார்ச்சும் எடுத்துச் செல்லுங்கள். அச்சு நுண்ணிய வண்ணப் புள்ளிகளால் ஆனதாகத் தெரிந்தால் அது இக்கால அச்சு, பேச்சை முடித்துவிடலாம். புறஊதா ஒளியில் வெள்ளைப் பகுதி நீலமாகப் பளிச்சிட்டால், 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் வந்த வெண்மையூட்டி அதில் இருக்கிறது. பழைய துணியை இக்காலச் சலவைத் தூளில் துவைத்திருந்தாலும் அப்படித் தெரியும் என்பதால், இந்தச் சோதனையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பளிச்சிடாத துணியெல்லாம் பழையதும் அல்ல. தேநீரில் முக்கிப் பழமை ஏற்றும் வேலை இந்த வியாபாரத்தில் சகஜம். பழுப்பு நிறம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

நான் முதலில் பார்க்கச் சொல்வது ஆணியைத்தான். பல்லாண்டுகள் இருந்த இரும்பாணியின் துரு, துணியிலும் குச்சியிலும் ஊறியிருக்கும். துணி மூடியிருந்த மரமும் வெளியே தெரிந்த மரமும் நிறத்தில் வேறுபடும். கறைபட்ட துணியில் புத்தம் புதிய ஆணி இருந்தால், அது ஏன் என்று கடைக்காரர்தான் விளக்க வேண்டும். வாங்குவதென்று முடிவு செய்தால், கொடியின் காலத்தையும், தவறென்று தெரிந்தால் பணத்தைத் திருப்பித் தருவதாகவும் ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுத மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

கேள்வி: புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர் எத்தனை நட்சத்திரங்கள் உள்ள கொடியை வாங்கலாம்? 42 நட்சத்திரக் கொடி போலி என்று நண்பர் சொல்கிறார்.

பதில்: போலி அல்ல, அது அதிகாரபூர்வக் கொடியாக ஒரு நாளும் இருந்ததில்லை, அவ்வளவுதான். 1818 சட்டப்படி, ஒரு மாநிலம் சேர்ந்தால் அடுத்து வரும் ஜூலை 4-இல்தான் புதிய நட்சத்திரம் ஏறும். 1889 நவம்பரில் நான்கு மாநிலங்கள் சேர்ந்து எண்ணிக்கை 42 ஆனது; கொடி செய்பவர்கள் அதை நம்பி அச்சிட்டார்கள். 1890 ஜூலை 3-இல் ஐடஹோ சேர்ந்தது. மறுநாள் சட்டப்படியான எண்ணிக்கை 43! அடுத்த வாரமே, ஜூலை 10-இல், வயோமிங் சேர்ந்ததால் 43-ஐ அச்சிட்டவர்கள் மிகச் சிலரே. அதனால்தான் 42 ஓரளவு கிடைக்கிறது, 43 அரிதாக இருக்கிறது. இந்தக் கொடிகளில் எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

தொடக்கத்துக்கு 45 (1896–1908) அல்லது 46 (1908–1912) நல்லது. 48 நட்சத்திரக் கொடி 1912 முதல் 1959 வரை இருந்ததால் மலிவாகவே கிடைக்கும். 1912-இல் அதிபர் டாஃப்ட் உத்தரவிடும் வரை நட்சத்திரங்களை வரிசைப்படுத்துவது கொடி செய்பவரின் விருப்பம். வட்டமாகவோ ஒரே பெரிய நட்சத்திர வடிவமாகவோ அமைந்த கொடிகளுக்கு விலை கூடுதல். கொடுக்கலாம், அழகுக்குத் தகும். லிங்கன் போன்ற வேட்பாளர் பெயர் அச்சிட்ட தேர்தல் கொடி என்றால், நிபுணர் பார்க்காமல் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். உண்மையான பழைய கொடியில் பெயரை மட்டும் புதிதாக அச்சிடுபவர்கள் உண்டு.

கேள்வி: அழுக்கான பழைய கொடியைத் துவைத்து, இஸ்திரி போட்டுச் சட்டமிடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். சிவப்புச் சாயம் வெள்ளையில் கசிந்தால் மீட்க முடியாது. பட்டாக இருந்தால் மடிப்பிலேயே பொடிந்துவிடும். பசையும் ஒட்டுநாடாவும் கூடாது. அமிலமற்ற அட்டையில் தைத்துப் பொருத்தி, புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போடச் சொல்லுங்கள். குச்சியைக் கழற்ற வேண்டாம். அதோடு சேர்த்தே சட்டமிடலாம்.