இட்லிப் பலகையில் அந்தக் குறி வேண்டாம்

வணக்கம் சகோதரி. மாட்டுங்காவில் உங்கள் மெஸ்ஸுக்குப் பலகை எழுதியவர் 'இட்லிஸ்' என்பதில் எஸ் எழுத்துக்கு முன்னால் அபாஸ்ட்ரஃபி, அதாவது மேலே தொங்கும் காற்புள்ளி போன்ற குறி (’), போட்டுவிட்டார், மகள் தவறு என்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். மகள் சொல்வதுதான் சரி. அந்தக் குறியோடு படித்தால் 'இட்லியினுடைய' என்று பொருள்.

இந்தக் குழப்பம் காதால் வருவது. நமக்குப் 'பெண்கள்' வேறு, 'பெண்ணுடைய' வேறு, 'பெண்களுடைய' வேறு. ஆங்கிலத்தில் மூன்றும் 'கேர்ள்ஸ்' என்றே ஒலிக்கும், கண்ணுக்குத்தான் வித்தியாசம். வெறும் பன்மைக்குக் குறி கிடையாது. ஒருத்திக்கு உரியது என்றால் எஸ்ஸுக்கு முன்னால், பலருக்கு உரியது என்றால் பின்னால். ஆகவே மேலே 'அம்மாஸ் கிச்சன்' என்பதில் இருக்கும் குறியை அழிக்க விட்டுவிடாதீர்கள், அது வேண்டும்!

நீங்கள் கேட்காத ஒன்று: 'பாயில் எக்' என்பதும் தவறு. வேகவைத்த முட்டை என்பதால் 'பாயில்டு'. பேச்சில் அந்த 'டு' தேய்ந்துவிடுகிறது. ஐஸ்கிரீம்கூட ஒரு காலத்தில் 'ஐஸ்டு கிரீம்'தான். அங்கே தேய்ந்ததே நிலைத்துவிட்டது. முட்டைக்கு இன்னும் 'டு' எழுதத்தான் வேண்டும். பெயின்டரை ஒரே தடவையில் இரண்டையும் திருத்தச் சொல்லுங்கள்.