எண்ட்பாயிண்ட் பாதுகாப்பு எஸ்டிகே-யை மாதாமாதம் அப்டேட் செய்தே ஆக வேண்டுமா?

"எங்கள் செயலிக்குள் இருக்கும் எஸ்டிகே நன்றாகத்தான் ஓடுகிறது, பிறகு ஏன் மாதாமாதம் மாற்ற வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். (எஸ்டிகே என்பது நம் செயலிக்குள் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்பு; எண்ட்பாயிண்ட் என்பது பயனர்களின் கணினி, லேப்டாப் போன்றவை.)

மாற்றத்தான் வேண்டும். உங்கள் நிரல் அப்படியே இருக்கலாம். அது கண்காணிக்கும் கணினி அப்படியே இருப்பதில்லை. எந்த ஆன்டிவைரஸ் இருக்கிறது, அது ஓடுகிறதா, டிஸ்க் என்க்ரிப்ட் ஆகியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் இந்த வகை எஸ்டிகே-யின் வேலை. மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பேட்ச் (குறைகளைச் சரிசெய்யும் அப்டேட்) வெளியிடுகிறது. ஆன்டிவைரஸ் நிறுவனங்களும் புது வெர்ஷனில் சர்வீஸ் (பின்னணியில் ஓடும் நிரல்) பெயரையோ, ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) தங்கள் பதிவு இருக்கும் இடத்தையோ மாற்றிவிடும். பழைய எஸ்டிகே-க்கு அது தெரியாது. நல்ல பாதுகாப்போடு இருக்கும் லேப்டாப்பை "ஆன்டிவைரஸ் இல்லை" என்று தடுத்துவிடும். அதைவிட ஆபத்து, பேட்ச் போடாத கணினியைச் சரி என்று உள்ளே விட்டுவிடுவது.

அதற்காகப் புது எஸ்டிகே வந்த அன்றே எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பிவிடாதீர்கள். 2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. 21 உள்ளீடுகளை எதிர்பார்த்த இடத்தில் சென்சார் (கணினியில் ஓடும் அதன் கண்காணிப்பு நிரல்) 20 மட்டுமே தந்தது, காரணம் அவ்வளவுதான். இத்தனைக்கும் அந்த அப்டேட் சென்சாரின் புதிய வெர்ஷன்கூட இல்லை, அது படிக்கும் வெறும் டேட்டா ஃபைல்! எனவே டேட்டா ஃபைலையும் சோதிக்காமல் விடாதீர்கள்.

முதலில் உங்கள் குழுவின் கணினிகள், அப்புறம் ஒரு சிறு பகுதி, இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றவை. வெளியீட்டுக் குறிப்பில் புது வசதிகளைவிட, நீக்கப்படப்போகும் ஃபங்ஷன்களின் பட்டியலை முதலில் படியுங்கள்.