தையல் ஆறிவிட்டது, தூக்கம் வரவில்லை

அன்புள்ள அக்கா,

என் வீட்டுக்காரர் வியாசர்பாடியில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். தகடு சறுக்கி வலது முழங்கைக்குக் கீழே நரம்போடு அறுத்து ஐந்து மாதம் ஆகிறது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, தையலும் ஆறிவிட்டது. விரல்தான் மரத்தே கிடக்கிறது. பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தால் பதறி எழுந்து உட்காருகிறார். ராத்திரி தூக்கமில்லை. பிள்ளை கிட்டே போனால் எரிந்து விழுகிறார். "அன்னிக்கே போய்ச் சேர்ந்திருக்கணும்" என்கிறார். மாமியார் மந்திரித்துத் தாயத்து கட்டினார். நான் மனநல டாக்டர் என்றேன். "என்னைக் கீழ்ப்பாக்கம் கேஸ்னு நினைச்சிட்டியா" என்று சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டார். நானும் தூங்கி நாளாகிறது.

பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

அன்புத் தங்கைக்கு,

"போய்ச் சேர்ந்திருக்கணும்" என்பதை அலுப்பில் சொன்னதாக விட்டுவிடாதே. சாகிற எண்ணம் இருக்கிறதா என்று அவரிடம் நேராகவே கேள். கேட்பதால் அது புதிதாக வந்துவிடாது. மாத்திரைகள் உன் கையில் இருக்கட்டும், அவரைத் தனியே விடாதே. இன்றே 14416-க்குக் கூப்பிடு. அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது. காசில்லை, நடுராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அவர் மறுத்தால் நீ பேசு.

விரலைப் பற்றி. தைத்த நரம்பு நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். முழங்கைக்குக் கீழிருந்து விரல் நுனிக்குப் போய்ச் சேர ஒரு வருஷத்துக்கு மேல்கூட ஆகும். ஐந்து மாதத்தில் மரத்திருப்பதை வைத்துக் கை போய்விட்டது என்று அவர் முடிவுகட்ட வேண்டாம். எங்கே காட்டுகிறீர்கள் என்று நீ எழுதவில்லை. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் கைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, 1971-ல் டாக்டர் ஆர். வெங்கடசாமி தொடங்கியது. மரத்த விரலுக்குச் சூடு தெரியாது, டீயை இடது கையில் கொடு.

என் தம்பியை எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி இடித்துத் தொடை எலும்பு முறிந்தது. எலும்பு கூடி நடந்த பிறகும், லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டால் அவனுக்கு வேர்த்துக் கொட்டும். "அதான் நடக்கிறியே, இன்னும் என்ன?" என்று நான் கேட்டேன். அந்தக் கேள்வி இன்றும் என் தொண்டையில் நிற்கிறது. அது வீம்பில்லை, உடம்பு இன்னும் அந்த லாரிக்குப் பயந்து காவல் நிற்கிறது, ஒரு மாதம் தாண்டியும் அடங்காவிட்டால் வைத்தியம் வேண்டும் என்று மனநலப் பிரிவில்தான் விளக்கினார்கள். அவர்கள் சொன்னபடி முதலில் தெருமுனை டீக்கடை வரைக்கும் கூட்டிப்போனேன். டம்ளரைப் பிடித்தபடி நிற்பான், குடிக்க மாட்டான், டீயில் ஆடை படியும். பல நாள் கழித்து ஒரு சாயங்காலம், ரோட்டில் லாரி போகப் போகவே குடித்து முடித்தான். நான் கடைக்குப் பின்னால் போய் அழுதேன்.

கீழ்ப்பாக்கம் 1794-ல் தொடங்கிய மனநல ஆஸ்பத்திரி. அதை வசைச்சொல் ஆக்கியது நம் ஊர் செய்த பாவம். அந்தப் பேரைச் சொல்லி அவரோடு மல்லுக்கு நிற்காதே, மனநல ஓ.பி. ஸ்டான்லியிலேயே இருக்கிறது. தூக்கத்துக்கு மருந்து கேட்கப் போகலாம் என்று கூப்பிடு, பொய்யில்லை. தாயத்து இருந்துவிட்டுப் போகட்டும், மாமியாரோடு சண்டை வேண்டாம். அவரையும் துணைக்குக் கூட்டிக்கொள். ராத்திரியில் ஆள் மாற்றி முழித்திருந்தால் நீ கொஞ்சம் கண் மூடலாம்.

போய்வந்து எழுது. நீ எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்பதையும் சேர்த்து எழுது.