வீடு விற்க ஏப்ரல் மட்டும் போதாது

தம்பி, ரொறன்ரோவில் ஸ்காபரோ பக்கம் நான்கு வருடம் முன்பு வாங்கிய டவுன்ஹவுஸை (சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு) விற்றுவிட்டு, நகருக்குக் கிழக்கே ஏஜாக்ஸ் பக்கம் பெரிய வீடாகப் பார்க்கிறோம், எந்த மாதம் விற்றால் நல்ல விலை வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஊரில் இரண்டு வீடு விற்றவன், அதில் ஒன்றைச் சொதப்பியவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

ஏஜென்ட் யாரைக் கேட்டாலும் ஏப்ரல், மே என்பார். தவறில்லை. பள்ளிக்கூடம் ஜூன் கடைசியில் மூடிச் செப்டம்பரில் திறக்கிறது. பிள்ளைகள் உள்ளவர்கள் அந்த இடைவெளிக்குள் குடிபுகப் பார்ப்பார்கள். ஒப்பந்தம் எழுதிய பிறகு சாவி கைக்கு வர 60 முதல் 90 நாள் போவது வழக்கம். அதனால் சித்திரையிலேயே வீடு தேடி அலைவார்கள். செப்டம்பர், அக்டோபரில் இன்னொரு சிறு பரபரப்பு உண்டு. டிசம்பரில் சந்தை தூங்கிவிடும். நம்மவர்களிலும் பலர் மார்கழியில் பால் காய்ச்ச மாட்டார்கள்.

நான் முதல் வீட்டை விற்றது அந்த மார்கழியில்தான். புது வீட்டை முதலில் வாங்கிவிட்டு, பழையது போகாமல் ஏழு வாரம் இரண்டு கடன் கட்டினேன். ஆட்கள் பார்க்க வருகிறார்கள் என்று தகவல் வந்தால், முதல்நாள் மீன் குழம்பு வாசம் போக உறைகுளிரில் சன்னல்களைத் திறந்துவைத்துவிட்டு நடுங்குவோம். கூரையில் ஓர் அடி பனி. "கூரை மாற்றி இரண்டு வருடம்தான்" என்றேன். வந்தவர் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். கேட்ட விலையில் நல்லதொரு துண்டு அந்தச் சிரிப்போடு போயிற்று.

ஆனாலும் ஏப்ரலைக் கும்பிட வேண்டாம். நீங்கள் விற்கிற சந்தையில்தான் வாங்கவும் போகிறீர்கள். உங்கள் டவுன்ஹவுஸுக்கு நாலு பேர் போட்டியிடும் அதே வாரத்தில், நீங்கள் கண் வைத்த வீட்டுக்கு எட்டுப் பேர் நிற்பார்கள். சின்னதிலிருந்து பெரியதுக்குப் போகிறவருக்கு மந்தமான மாதம் சில வேளை கை கொடுக்கும். வசந்தம் எப்போதும் கை கொடுக்கும் என்றும் இல்லை. 2022 பெப்ரவரியில் ரொறன்ரோ விலை உச்சியில் நின்றது. மார்ச்சில் கனடா மத்திய வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கியது. பெப்ரவரியில் வாங்கிவிட்டு, பழைய வீட்டை மே மாதம் விற்றுக்கொள்ளலாம் என்றிருந்தவர்கள் பட்ட பாடு பெரும்பாடு. வசந்தம் வந்தது, வாங்க ஆள் வரவில்லை.

அடுத்த நவம்பரில் வீட்டுக் கடனின் இப்போதைய ஒப்பந்தக் காலம் முடிகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். நிலையான வட்டிக் கடனை நடுவில் முறித்தால் மூன்று மாத வட்டி அல்லது வட்டி வித்தியாசத் தொகை (உங்கள் வட்டிக்கும் இன்றைய வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை மீதிக் காலத்துக்குக் கணக்கிட்டது), இரண்டில் எது கூடவோ அதை வங்கி பொதுவாகத் தண்டமாக எடுக்கும். கடனைப் புது வீட்டுக்கு மாற்றிக்கொள்ளச் சில வங்கிகள் விடும். தண்டம் எவ்வளவு என்று இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த எண்ணைப் பார்த்த பிறகு மாதம் குறிக்கலாம். செப்டம்பர் கடைசியில் விலை பேசி நவம்பர் முடிவில் சாவி கொடுத்தால் தண்டமே இல்லாமல் போகலாம்.

எப்போது விற்றாலும், இந்த ஜூனிலேயே பின்வளவையும் கூரையையும் வெயிலில் படம் எடுத்து வையுங்கள். கூரை மாற்றியிருந்தால் ரசீதையும் அதோடு வையுங்கள்.